ஜன்னலும் பென்குயினும் – 9: மலையிறங்கி வந்த மனிதர்

போன வாரம் உங்களைப் பனிச்சரிவில் நிறுத்திவிட்டுப் போனேன். நினைவிருக்கிறதா?

சுவிட்சர்லாந்து. 2003 மார்ச் மாதக் கடைசி. பனிச்சறுக்கு விடுமுறைக்கு வந்த ஒரு பெரிய மனிதர் பாதியிலேயே சறுக்குக் கட்டைகளைக் கழற்றி வைத்தார். எல்லை தாண்டி ஜெர்மனிக்குக் கிளம்பினார். யார் அவர், எந்த ஊருக்கு, யாரைப் பார்க்க? மூன்றையும் சொல்லாமல் 'தொடரும்' போட்டுவிட்டேன். ஏழு நாள் பொறுத்திருந்தீர்கள். இனியும் இழுப்பது நியாயமில்லை.

வந்தவர் ஸ்டீவ் பால்மர். மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி.

போன ஊர் மியூனிக்.

பார்க்கப் போனது அந்த ஊர் மேயரை!

ஆமாம், மேயரைத்தான். நாட்டை ஆளும் சான்சலரை அல்ல. குப்பை அள்ளுவது, கல்யாணத்தைப் பதிவு செய்வது, கடைக்கு உரிமம் கொடுப்பது என்று அன்றாட வேலை பார்க்கும் ஒரு மாநகராட்சியின் தலைவரை.

பணக் கணக்கைப் பாருங்கள். மாநகராட்சிக் கணினிகளுக்கான மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் மியூனிக்கிடம் சொன்ன முதல் விலை 3.66 கோடி டாலர். அந்த வருஷம் அந்த நிறுவனத்தின் மொத்த வருமானம் சுமார் 3,200 கோடி டாலர். கல்லாவில் ஆயிரம் ரூபாய் இருந்தால் அதில் ஒரு ரூபாய் சமாச்சாரம். அதற்காகவா ஒருவர் விடுமுறையை விட்டுவிட்டு ஓடி வருவார்?

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் வேட்டியை விரித்துப் பார்க்கிறார். மடித்து வைக்கிறார். எதிர்க்கடைப் பக்கம் திரும்புகிறார். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வாசல் வரை வருகிறார். அந்த ஒரு வேட்டிக்காகவா வருகிறார்? கடை நிறைய நிற்கிற கூட்டம் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதற்காக!

மியூனிக்கை அப்படித்தான் ஐரோப்பா பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்வேபிஷ் ஹால் என்ற சின்ன ஊர் முந்தைய ஆண்டே விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுவதாக அறிவித்திருந்ததை இரண்டு வாரம் முன்பு பார்த்தோம். 36,000 பேர் வசிக்கும் ஊர். போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மியூனிக் அப்படியல்ல. ஜெர்மனியின் மூன்றாவது பெரிய நகரம். மாநகராட்சி அலுவலகங்களில் மட்டும் 14,000 கணினிகள். இன்னொன்றும் உண்டு. மைக்ரோசாஃப்டின் ஜெர்மனித் தலைமையகம் மியூனிக்கை ஒட்டிய உன்டர்ஷ்லைஸ்ஹைம் என்ற ஊரில்தான் அப்போது இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரே நம் கடையில் வாங்குவதை நிறுத்தினால் ஊர் என்ன பேசும்?

பால்மர் ஏன் வந்தார் என்பது புரிகிறது. ஆனால் நம் கதையில் அன்றைக்கு முக்கியமான ஆள் பால்மர் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்.

கிறிஸ்டியான் ஊடே.

சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த நாற்காலியில் பத்தாவது வருஷம். இளமையில் பத்திரிகையாளர். அதன் பிறகு வக்கீல். வக்கீல் என்றால் எந்த மாதிரி வக்கீல் என்பதில்தான் எனக்கு இந்தக் கதையின் சுவையே இருக்கிறது.

அவர் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் வக்கீல்.

மியூனிக்கில் வாடகை அன்றும் இன்றும் கண்ணைக் கட்டும். வீட்டுக்காரர் திடீரென்று வாடகையை ஏற்றுவார். 'இடித்துக் கட்டப்போகிறேன், காலி செய்' என்பார். ஒழுகும் கூரையைத் தானும் சரிசெய்ய மாட்டார், நம்மையும் தொட விடமாட்டார். இப்படிப்பட்ட வழக்குகள் நிறைந்த உலகத்தில் பல வருஷம் உழன்ற மனிதர் ஊடே. இனி அவர் மேஜைக்கு வந்த ஃபைலைப் பாருங்கள்.

14,000 கணினிகளிலும் விண்டோஸ் என்டி 4 ஓடிக்கொண்டிருந்தது. கடிதம் அடிக்க, கணக்குப் போட ஆஃபீஸ் 97. இரண்டும் பழசுதான். ஆனால் வேலை நடந்துகொண்டிருந்தது. வண்டி நின்றுவிடவில்லை. அப்போதுதான் விற்றவர்களிடமிருந்து சேதி வந்தது. இந்தப் பழைய விண்டோஸுக்கு இனி பழுதுபார்ப்பு கிடையாது. புதுசுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்!

ஊடே இதை அப்படிப் பார்த்தாரா? என் ஊகம், அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். விண்டோஸ் பெட்டிக்குக் காசு கொடுத்து ரசீது வாங்கும்போது நாம் சொந்தமாக்கிக்கொள்வது அட்டையையும் குறுந்தகட்டையும்தான். உள்ளே இருப்பதைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கிறது, அவ்வளவே. சுவரில் ஆணி அடிக்க முடியாது. உள்ளே கம்பி எப்படி ஓடுகிறது என்று பார்க்க முடியாது. மூலநிரல் அவர்களிடம் பூட்டியிருக்கும். எப்போது பழுது பார்ப்பது, எப்போது நிறுத்துவது, எல்லாம் அவர்கள் நாள்காட்டிப்படி.

லினக்ஸ் வேறு வகை. முன்பு ஹெல்சின்கி அத்தியாயத்தில் பார்த்தோம். வீட்டோடு வரைபடமும் கையில் வரும். எந்தக் கொத்தனாரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, வேறு கொத்தனார். சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பக்கத்து ஊர்க்காரனுக்கு வரைபடத்தின் நகலையும் கொடுக்கலாம், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் ஒன்று. கொத்தனாருக்குக் கூலி நாம்தான் கொடுக்க வேண்டும். மழை பெய்து ஒழுகினால் ஏணி போட்டு ஏற வேண்டியதும் நாமேதான். 'இலவச மென்பொருள்' என்று சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இந்தக் கூலியை மறைக்கிறார்கள். நான் மறைக்கப் போவதில்லை. மியூனிக் அதிகாரிகளும் மறைக்கவில்லை.

சரி, அறைக்குள் போவோம்.

மாரியன்பிளாட்ஸ் சதுக்கம். புதிய நகர மண்டபம் என்று பெயர். பார்க்க நூறு வருஷத்துக்கு மேல் பழைய கட்டடம். கோபுரத்தில் 43 மணிகள், 32 பொம்மைகள். காலை 11 மணிக்கும் நண்பகலிலும் பொம்மைகள் சுற்றிச் சுற்றி ஆடும், கீழே சுற்றுலாக்காரர்கள் அண்ணாந்து நிற்பார்கள். அந்தக் கட்டடத்துக்குள்தான் பால்மர் நுழைகிறார்.

பால்மருக்கு சுவிட்சர்லாந்து அந்நிய நாடில்லை. அவருடைய அப்பா அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். பால்மர் மைக்ரோசாஃப்டில் 1980-ல், முப்பதாவது ஆளாகச் சேர்ந்தார். பில் கேட்ஸின் கல்லூரித் தோழர். கேட்ஸ் நிரல் எழுதுகிற மூளை என்றால், பால்மர் விற்கிற தொண்டை. மேடையில் கத்திக் கத்தி ஒருமுறை தொண்டையையே புண்ணாக்கிக்கொண்டவர். இரண்டு வருஷம் முன்புதான் ஒரு பேட்டியில் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் என்றார். உலகமே அதைப் பேசியது.

இப்போது அந்தப் புற்றுநோய் ஒரு மாநகராட்சியைத் தொடப் போகிறது. வைத்தியர் நேரில் வந்திருக்கிறார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர் வாடகை வழக்கு வக்கீல். வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து இனிமையாகப் பேசினால் என்ன அர்த்தம் என்பது அவருக்குப் பழக்கம். நோட்டீஸ் அனுப்பிய பிறகு, குடியிருப்பவர் வேறு வீடு பார்த்துவிட்டார் என்று தெரிந்தால், வீட்டுக்காரர் நேரில் வருவார். 'நமக்குள் என்ன' என்பார். வாடகையைக் குறைப்பார்.

குறைத்தார்கள்.

3.66 கோடி டாலர் என்று ஆரம்பித்தது 3.19 கோடி ஆயிற்று. விலையோடு சலுகைகளும் வந்தன. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்புக்கு மாறும் செலவு வேண்டாம், ஆறு வருஷம் அப்படியே ஓட்டிக்கொள்ளுங்கள். எல்லா மேஜைக்கும் முழு ஆஃபீஸ் தொகுப்பு வேண்டாமா? சரி, சில கணினிகளுக்கு வேர்டு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிக்கும் உதவிக்கும் நாங்கள் செலவு செய்கிறோம்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வேர்டு மட்டும் தனியாகக் கொடுக்க முடியுமென்றால், இத்தனை வருஷம் ஏன் மூட்டையாகவே கட்டிக் கொடுத்தார்கள்? ஆறு வருஷம் ஓட்டலாம் என்றால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எதற்கு அவசரப்படுத்தினார்கள்?

ஒவ்வொரு சலுகையும் இப்படி ஒரு கேள்வியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தது. மைக்ரோசாஃப்டின் ஆட்கள் இதை உணரவில்லை என்றே நினைக்கிறேன்.

எதிர்த்தரப்பில் யார்?

ஐபிஎம். கூடவே சூசே. முதல் அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு ஐபிஎம்மின் புண் எங்கே என்று தெரியும். டாஸ் காலத்தில் தன் கையாலேயே கேட்ஸுக்குச் சிங்காசனம் போட்டுக் கொடுத்த நிறுவனம். இப்போது லினக்ஸுக்காக 100 கோடி டாலர் செலவழிப்பதாக அறிவித்துவிட்டு வந்து நிற்கிறது. தர்ம சிந்தனையில் வந்ததில்லை. மென்பொருள் இலவசமாகிவிட்டால் அதை நிறுவிப் பராமரிக்கும் சேவையை விற்கலாம். வரைபடம் சும்மா கிடைத்தால் கொத்தனாருக்கு வேலை. அன்றைக்கு ஐபிஎம்தான் உலகத்தின் மிகப் பெரிய கொத்தனார்!

சூசே, லினக்ஸைத் தொகுத்து விற்கும் நியூரம்பெர்க் நிறுவனம். மியூனிக் இருக்கும் அதே பவேரிய மாநிலம். உள்ளூர்ப் பிள்ளை. கொடுக்கிற காசு வெளியே போகாமல் நம் ஊர்ப் பொறியாளர்களிடம் சேரும் என்ற எண்ணம் கவுன்சிலர்கள் பலருக்கு இருந்தது. லினக்ஸ் மேல் ஓடப்போகும் ஓப்பன் ஆஃபீஸும் வேர் பார்த்தால் ஜெர்மன் சரக்குதான். லூனபர்க் நகரத்தில் ஓர் இளைஞர் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தில் பிறந்து, அமெரிக்காவின் சன் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, பிறகு மூலநிரலோடு உலகத்துக்குத் திறந்துவிடப்பட்டது.

இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் மாநகராட்சி ஒரு நல்ல காரியம் செய்தது. யார் பேச்சையும் நம்பாமல் யூனிலாக் என்ற ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்தது. புது விண்டோஸும் புது ஆஃபீஸும் என்றால் என்ன ஆகும், லினக்ஸும் ஓப்பன் ஆஃபீஸும் என்றால் என்ன ஆகும், கலந்து வைத்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டார்கள்.

முடிவு வந்தது.

பணத்தை மட்டும் பார்த்தால் விண்டோஸே மலிவு!

ஆமாம். இந்த இடத்தில் பல பேர் கதையைத் தப்பாகச் சொல்கிறார்கள். 'மியூனிக் காசு மிச்சம் பிடிக்க லினக்ஸுக்குப் போனது' என்பார்கள். இல்லை. ஆட்களுக்கு மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். பழைய படிவங்களை, மேக்ரோக்களை எல்லாம் திருப்பி எழுத வேண்டும். மாநகராட்சியில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியே எழுதிய செயலிகள் சுமார் 170 இருந்தன. பாதிக்கு மேல் விண்டோஸை நம்பிப் பிறந்தவையாக இருந்தால்? அத்தனைக்கும் செலவு.

ஆனால் ஆய்வாளர்கள் பணத்தோடு நிறுத்தவில்லை. எதிர்காலத்தில் யார் கையை எதிர்பார்த்து நிற்போம், பாதுகாப்பு எப்படி, நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதற்கெல்லாம் மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 10,000. விண்டோஸ் வாங்கியது 5,293. லினக்ஸ் வாங்கியது 6,218.

இரண்டு தராசு, இரண்டு முடிவு. எந்தத் தராசை நம்புவது?

இந்தக் கேள்வியை நான் தூரத்திலிருந்து வேடிக்கை பார்க்கவில்லை. என்னிடம் ஒரு கட்டுரைத் தொகுப்பு இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நானே தட்டச்சு செய்தது. ஃபிளாப்பியிலிருந்து குறுந்தகட்டுக்கு, அங்கிருந்து பென்டிரைவுக்கு என்று குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு வந்தேன். இன்று திறந்தால் தமிழ் வராது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் டாலர் குறியும் கலந்து கிடக்கும். யூனிகோடு பரவாத காலம் அது. தமிழ் எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு குறியீட்டு வரிசை வைத்திருந்தார்கள். அவர்கள் எழுத்துரு இல்லாவிட்டால் நாம் எழுதியதை நாமே படிக்க முடியாது. நான் வாங்கிய எழுத்துருவை விற்றவர் கடையைக் கட்டிவிட்டார். எழுத்து என்னுடையது. சாவி அவரோடு போய்விட்டது. உங்களில் எத்தனையோ பேர் வீட்டிலும் இப்படி ஒரு ஃபைல் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு தனி ஆளின் கட்டுரை போனால் அந்த ஆளுக்குத்தான் நஷ்டம். ஒரு மாநகராட்சியின் காகிதம்? இன்று கொடுக்கிற கட்டட அனுமதியை ஐம்பது வருஷம் கழித்து ஒரு பேரன் வந்து கேட்பான். அது வேர்டு ஃபைலாக இருக்கிறது, அந்த ஃபைலின் உள்ளமைப்பு ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் முழுக்கத் தெரியும் என்றால், அந்த ஊரின் ஞாபகம் யாருடைய பெட்டியில் இருக்கிறது?

மியூனிக்கை அரித்த கேள்வி இது. 6,218 என்ற எண்ணுக்குள் இருந்த பயமும் இதுதான்.

மே மாதம் பிறந்தது. மாமன்ற வாக்கெடுப்புக்கு நாள் குறித்தாயிற்று. 28-ம் தேதி, புதன்கிழமை.

அதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு குண்டு விழுந்தது.

மைக்ரோசாஃப்டுக்குள் சுற்றிய ஓர் உள்சுற்றுக் கடிதம் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. எழுதியவர் விற்பனைப் பிரிவின் உயர் அதிகாரி ஓர்லாண்டோ அயாலா. கடிதத்தின் சாரம்: அரசாங்கங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் விற்கும்போது லினக்ஸிடம் எந்தச் சூழ்நிலையிலும் தோற்கக்கூடாது. விலைதான் தடை என்றால், விலையைப் பெரிதாகக் குறைக்கவும், தேவைப்பட்டால் சும்மா கொடுக்கவும் தனியே ஒரு நிதி வைத்திருக்கிறோம்.

மியூனிக் கவுன்சிலராக உங்களை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படியுங்கள்.

உங்கள் மேஜையில் ஒரு சலுகைக் கடிதம் இருக்கிறது. உங்கள் ஊர் மேல் இருக்கும் பிரியத்தால் குறைத்ததாக நினைத்திருப்பீர்கள். இப்போது தெரிகிறது, இதற்கென்றே ஒரு பணப்பெட்டி இருக்கிறது. லினக்ஸ் பெயரைச் சொன்னால் மட்டும்தான் அந்தப் பெட்டி திறக்கும். இன்று லினக்ஸை அனுப்பிவிட்டால்? ஆறு வருஷம் கழித்து மறுபடி விலை பேச உட்காரும்போது எதிரே மிரட்டிக் காட்ட, லினக்ஸின் சின்னமான அந்தப் பென்குயின் எங்கே இருக்கும்?

மைக்ரோசாஃப்ட் ஓயவில்லை. கடைசிக் கட்டத்தில் இன்னொரு வெட்டு.

2.37 கோடி டாலர்.

முதல் விலையில் 35 சதவீதம் போய்விட்டது! ஐபிஎம், சூசே தரப்பின் திட்டம் மூன்றரைக் கோடிக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடி டாலருக்கு மேல் இடைவெளி. மக்கள் வரிப்பணம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற கவுன்சிலருக்கு அடுத்த தேர்தலில் தொகுதிப் பக்கம் போக முகம் வேண்டாமா?

எதிர்த்து வாக்களிக்க இருந்தவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் பயம் நிஜமானது. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் ஒரு அம்மா இருபது வருஷமாக வேலை பார்க்கிறார் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு வேர்டில் சான்றிதழ் அடிப்பார். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் திரையில் வேறு எதுவோ இருக்கிறது. வெளியே மணமக்கள் காத்திருக்கிறார்கள். அச்சுப்பொறி பேச மாட்டேன் என்கிறது. அந்த அம்மாவிடம் போய் 'சுதந்திரம்' என்று பேச முடியுமா? இத்தனை பெரிய மாற்றத்தை அதுவரை எந்தப் பெருநகரமும் செய்து பார்த்ததில்லை. முன்னால் நடந்தவன் காலடி என்று ஒன்று இல்லவே இல்லை.

மலிவும் பழக்கமும் ஒரு பக்கம். மறுபக்கம் ஒரே ஒரு கேள்வி: அடுத்த நோட்டீஸ் எப்போது வரும் என்பதை யார் தீர்மானிப்பது?

புதன்கிழமை வந்தது.

மாமன்றம் கூடியது. வெளியே சதுக்கத்தில் வழக்கம்போல் சுற்றுலாக் கூட்டம். உள்ளே கூட்ட மண்டபத்தில் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி, கணினிகளைப் பற்றி. சாதாரண நாளில் அந்த வரி வரும்போது பாதிப் பேர் காபி குடிக்கப் போயிருப்பார்கள். அன்றைக்கு உலகத்தின் தொழில்நுட்பப் பத்திரிகைகள் அத்தனையும் அந்த வரிக்காகக் காத்திருந்தன. மைக்ரோசாஃப்டின் தலைமையகம் இருக்கும் ரெட்மண்டில் இன்னும் விடிந்திருக்காது. விடிந்ததும் பால்மர் முதலில் கேட்கப்போகும் சேதி எதுவாக இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்ய வேண்டியது எல்லாம் செய்துவிட்டார். மலையிறங்கி வந்தார். விலையை இறக்கினார். இனி அவர் கையில் ஒன்றுமில்லை.

வாக்கெடுப்பு.

எண்ணினார்கள்.

லினக்ஸுக்கு எதிராக 30.

ஆதரவாக 50!

மியூனிக் தாண்டிவிட்டது. அதிக விலை கொடுத்து, தெரியாத பாதைக்குள் 14,000 கணினிகளோடு இறங்கிவிட்டது. திட்டத்துக்கு லினக்ஸ் பெயரையும் மியூனிக் பெயரையும் ஒட்டி 'லிமக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஊடே அன்று மாலை என்ன உணர்ந்தார் என்று எனக்கு யோசிக்கத் தோன்றுகிறது. வக்கீலாக இருந்த காலத்தில் வாடகைக்காரர்களுக்காக எத்தனையோ வாதாடியிருப்பார். ஒரு நகரத்தையே சொந்த வீட்டுக்குக் குடிபெயர்க்கும் தீர்ப்பு வக்கீல் வாழ்க்கையில் கிடைக்காது.

பிற்காலத்தில் அவரே ஒரு சம்பவம் சொன்னார். பில் கேட்ஸ் அவரைச் சந்தித்தபோது எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டாராம். சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக என்றாராம் இவர். யாரிடமிருந்து சுதந்திரம் என்று கேட்டாராம் கேட்ஸ்.

உங்களிடமிருந்துதான் என்றாராம் ஊடே.

நல்ல பதில். ஆனால் வாக்கெடுப்பு முடிந்து ஆறு மாதம்கூட ஆகாதபோது ஒரு செய்தி வந்தது. உள்ளூர்ப் பிள்ளை என்று கவுன்சிலர்கள் நம்பினார்களே, சூசே, அதை நோவெல் என்ற அமெரிக்க நிறுவனம் 21 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. காசு நம் ஊரில் தங்கும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 'பார்த்தீர்களா, ஒரு அமெரிக்க வீட்டுக்காரரிடமிருந்து இன்னொரு அமெரிக்க வீட்டுக்காரரிடம் போய்விட்டீர்கள்' என்று கேலி செய்ய ஆள் இல்லாமலா போவார்கள்?

மியூனிக் பதறவில்லை. காரணம் எளிது. வரைபடம் கையில் இருக்கிறது. கொத்தனார் முதலாளி மாறினால் வேறு கொத்தனாரைப் பார்த்துக்கொள்ளலாம். பிற்பாடு அப்படியே செய்தும் காட்டினார்கள். கடைசியில் அந்த நகரம் தேர்ந்தெடுத்தது சூசேயை அல்ல, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் டெபியனை. அந்தக் கதை தனியாக ஒரு வாரம் கேட்கும். சொல்கிறேன்.

வேலை மும்முரமானது. ஒரு வருஷம் விரிவாகத் திட்டம் தீட்டினார்கள். மாமன்றம் மறுபடி பச்சைக்கொடி காட்டியது. டெண்டர் விடும் நேரம் நெருங்கியது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

2004 ஆகஸ்ட்.

டெண்டர் நிறுத்தப்பட்டது.

நிறுத்தியது மைக்ரோசாஃப்ட் இல்லை. மேயர் ஊடேயின் நிர்வாகமே நிறுத்தியது!

அதற்குக் காரணமாக எழுந்து நின்று எச்சரித்தவரும் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. பசுமைக் கட்சியின் ஜென்ஸ் மூல்ஹவுஸ். மாமன்றத்தில் லினக்ஸின் உயிர்த் தோழர்களில் ஒருவர். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. மியூனிக் நிறுவப்போகும் மென்பொருளைத் துழாவிப் பார்த்ததில் ஐரோப்பியக் காப்புரிமைகளோடு மோதும் இடங்கள் 50-க்கும் மேல் தென்பட்டிருந்தன. எவனாவது ஒருவன் நீதிமன்றத்துக்குப் போனால் போதும், மாநகராட்சியின் கணினிகளை ஒரே நாளில் நிறுத்திவிட முடியும் என்றார் அவர்.

வரைபடம் கையில் இருக்கிறது. வீடும் சொந்தம். ஆனால் வீட்டின் கதவுக்கும் ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் வேறு யார் யாரோ ஏற்கெனவே பட்டா வாங்கி வைத்திருக்கிறார்களா?

தன் தோழனே தன் திட்டத்தை நிறுத்தக் காரணமாகிறானே, துரோகமா இது? அல்லது மியூனிக்கைச் சாக்காக வைத்து அவர் குறிபார்த்தது வேறு ஓர் ஊரையா? பிரஸ்ஸல்ஸில் அப்போது சட்டமாகக் காத்திருந்த ஒரு காகிதத்தையா?

(தொடரும்)